தகப்பன் பெயர் எழுதும் கட்டம்

சிரஞ்சீவி மாணிக்கத்துக்கு அப்பா ஆசீர்வாதம். உன் தபால் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. உன் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னாள், கல்யாணப் பெண் நன்றாகச் சமைப்பாள் என்று நீ எழுதியிருந்த இடத்தை மட்டும். இங்கே ரங்கூனில் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மழை வரப்போவதை மட்டும் என் முழங்கால் ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு விடுகிறது. எங்கள் மாணிக்கம் மோல்மேனில் அரிசி ஆலைக் குமாஸ்தா என்று பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா டின் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெற்றவளைவிட அவளுக்குத்தான் பெருமை அதிகம். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் ஒரு வாரமாகப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், இன்னார் குமாரன் என்று போடும் இடத்தில் எந்தப் பெயரைப் போடட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

இதற்கான பதிலைச் சூலே பகோடா பக்கம் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களிடம் சொல்லி எழுதிக்கொள்ள முடியாது. ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் எந்த இடத்தில் நிறுத்துகிறேன், எந்த இடத்தில் மூக்கைச் சிந்துகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளை ஏமாற்ற முடியாது. ஒரே ஒரு தடவை ஏமாற்றப் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அந்தக் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்து முடித்த பிறகு பெயரை நீயே முடிவு செய்துகொள்.

எனக்கு இரண்டு பெயர் என்பது உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நான் கப்பலிலிருந்து இறங்கிய வாரத்தில் எங்கள் மேஸ்திரியின் கும்பலில் காத்தமுத்து என்ற ஆள் வாந்திபேதியில் செத்துப்போனான். அவன் பெயர் துறைமுகத்து ரிஜிஸ்தரில் இருந்தது. வேலைக்கு அடையாளமாகக் கொடுத்த அவனுடைய பித்தளை வில்லை மேஸ்திரியின் இடுப்பில் இருந்தது. ஆள் செத்தான் என்று எழுதிக் கொடுத்து, புது ஆளுக்குப் புது வில்லை வாங்குவதென்றால் பெரிய அலைச்சல். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் பேரு என்னமோ இருக்கட்டும். நாளையிலேருந்து காத்தமுத்துன்னு கூப்பிட்டா ஏன்னு கேளு" என்றார். வேலை கிடைத்ததே என்று தலையாட்டினேன். எங்கள் கும்பலில் என்னைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஊருக்குப் போனவன், ஓடிப்போனவன், செத்தவன் என்று ஒவ்வொருவன் பெயரிலும் ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்ப மறந்துபோகும், வசவு விழும். அப்புறம் பழகிவிட்டது. கொஞ்ச வருஷத்தில், லான்மடாவ் கடைத்தெருவில் யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

வீட்டிலாவது யாராவது கூப்பிட்டிருந்தால் அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்திருக்கும். வீட்டில் யார் கூப்பிடுவார்கள்? உன் அம்மா புருஷன் பெயரைச் சொல்கிறவள் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டுவாள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, வாத்தியார் உன்னைக் குனிந்து பார்த்து, தகப்பனார் பெயர் என்ன தம்பி என்று கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் "அப்பா" என்றாய். வாத்தியார் சிரித்தார், உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காத்தமுத்து என்று எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்து ஏட்டிலும் அந்தச் செத்த மனிதன்தான் உனக்குத் தகப்பன் ஆனான்.

உன்னிடம் சொல்லாத மற்றப் பாதி இது. உனக்கு நாலு வயது இருக்கும். காத்தமுத்துவின் தம்பி ஊரிலிருந்து கப்பலேறி அண்ணனைத் தேடிக்கொண்டு வந்தான். பல வருஷமாகக் கடுதாசி இல்லை, ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை என்று துறைமுக ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறான். அவர்கள் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்து, இருக்கிறானே, இன்றைக்குக்கூட வேலைக்கு வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஓட்டமும் நடையுமாக எங்கள் துறைக்கு வந்தான். அண்ணனைப் பார்ப்பதற்காக வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தான். மேஸ்திரி என்னைக் காட்டினார். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷத்தில் முகம் மாறியிருக்குமோ என்று அவன் யோசித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு, இவரு எங்கண்ணன் இல்லீங்க என்றான். இங்கே இருக்கிற காத்தமுத்து இவன்தான், வேறே யாரும் கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவன் என்னைப் பார்த்து, நீங்களாவது எங்கண்ணனைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். நான் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கப்பல் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வந்து ஊர்ப் பெயரைச் சொன்னான். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் அண்ணி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளோ என்னவோ. இன்றைக்கு எழுதிப் போடலாம் என்றால் எந்த ஊருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

உனக்குப் பதினாறு வயது ஆனபோது, டிராமில் வரும் வழியில், என் சொந்தப் பெயரை உன்னிடம் சொன்னேன். நீ அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நல்ல பேருப்பா என்றாய். எனக்கு அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. யாரிடமும் மூச்சு விடாதே, போலீஸ்காரன் கேட்டாலும் என்னை இழுத்துவிடாதே, வெளியே தெரிந்தால் பதினோரு பேர் பிழைப்பில் மண், பேரை மாற்றிச் சொன்னதற்காக என்னை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று உன்னை மிரட்டினேன். நீ டிராம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சரி என்றாய். பேர் சொல்லும் பிள்ளை வேண்டும் என்றுதான் உலகத்தில் ஒவ்வொரு தகப்பனும் சாமி கும்பிடுகிறான். பேரைச் சொல்லிவிடாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன். நீ சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. அதுதான் வினையாக வந்தது.

போலீஸ் உன்னைப் பிடித்த கதை உனக்குத் தெரியும். லான்மடாவில் கூலிகள் தங்கும் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் ஊர்க் கடிதம் படித்துக் காட்டுவாய், பதிலும் எழுதிக் கொடுப்பாய். அந்த வாரம் ஆலைக் கூலிகள் வேலைக்குப் போகமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். யாரோ லாரியின் மேல் கல்லை விட்டெறிந்தான். போலீஸ் வந்து வீட்டை வளைத்து, உள்ளே இருந்த பதினாலு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. கல் எறிந்தவன் அந்தப் பதினாலு பேரில் இல்லை என்று தெருவுக்கே தெரியும். திங்கட்கிழமை காலையில் லத்தா சந்தைக்குக் கடை போடப் போன மா டின்தான் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து சொன்னாள். உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நீ இரு, பொம்பளைகள் வருகிற இடம் இல்லை, நான் போய் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன், மாணிக்கம்.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாதது. போலீஸ் டாணா வராந்தாவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. பிடித்து வைத்திருக்கிறவர்களின் பெயரை இங்கிலீஷில் எழுதி அதில் ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படிக்கத்தான் தெரிய வேண்டும். என்னைப் போல ஏழெட்டுப் பேர் அந்தக் காகிதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே போனேன். ரைட்டர் தமிழர், வயதானவர், மரியாதையாகப் பேசினார். இருக்கச் சொல்லி என் பெயரைக் கேட்டார். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். போலீஸ் ஏட்டில் பொய்ப் பெயர் எழுதவைத்தால் அது தனிக் குற்றம் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். அதனால் ரங்கூனுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, ஒரு அந்நிய மனிதரிடம், என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, பிடித்த இடம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"மாணிக்கம்னு ஒருத்தன் இருக்கான், வயசு இருபது. ஆனா தகப்பன் பேரு காத்தமுத்து, காலமாயிட்டார்னு சொல்லியிருக்கான். இவன் உங்க பையனா?"

நீ என்ன செய்திருக்கிறாய் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. காத்தமுத்து என்று மட்டும் சொல்லியிருந்தால் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்திருப்பார்கள். என் சொந்தப் பெயரைச் சொன்னால் நான் யார் என்று தோண்டியிருப்பார்கள். செத்த மனிதனைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, என்னைக் காப்பாற்றுவதற்காக, என்னைச் சாகவைத்திருக்கிறாய். யோசித்துப் பார்த்தால் நீ பொய்யும் சொல்லவில்லை. காத்தமுத்து செத்துத்தான் போனான். ரைட்டர் நல்ல மனுஷன், நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, பெற்றவர்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் சின்ன வயதுக்காரர்களை எச்சரித்து அனுப்பிவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார், காலையிலிருந்து நாலு பேரை அனுப்பியாகிவிட்டது என்றார். என் கண் அவருக்குப் பின்னால் போயிற்று. கம்பிக் கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. அதில் உன் செருப்பு இருந்தது. இடது கால் வார் அறுந்து, சாக்குத் தைக்கிற சணலால் நான் தைத்துக் கொடுத்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? ஆமாம் என்று சொன்னால், அப்படியானால் காத்தமுத்து யார் என்று அடுத்த கேள்வி வரும். என் பெயர் எழுதிய காகிதம் அவர் கைக்குக் கீழே ஈரம் காயாமல் இருந்தது. அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லீங்க. அது எம் பையன் இல்லீங்க."

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்று இன்னொரு தடவை சொன்னேன். பிறகு தெருவுக்கு வந்துவிட்டேன். பதினோரு பேர் பிழைப்பை நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். யாரையும் நினைக்கவில்லை. என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்ற ஒன்றைத்தான் நினைத்தேன். நேராக மேஸ்திரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவசரப்படாதே, நாளைக்கு நானே வந்து பேசுகிறேன் என்றார். நாளை என்பவருக்கு நாளை எப்போதும் நாளைதான், அவர் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், அந்த டாணாவில் நம்ம பையன் இல்லை, ஏட்டை முழுக்கப் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போன பிறகு, மா டின்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவளே டாணாவுக்குப் போயிருக்கிறாள். ரைட்டர் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். உன் அம்மா வாயைத் திறக்கவில்லை. பிள்ளை உள்ளே கிடக்கிறான், அப்போதும் அவளுக்குப் பெயரைச் சொல்ல வரவில்லை. மா டின்னுக்கு இந்த வழக்கம் எல்லாம் ஒன்றும் புரியாது. பர்மாக்காரிக்குப் புருஷன் பெயரைச் சொல்வதில் என்ன வெட்கம்? அவள்தான் முன்னால் வந்து, பர்மாக்காரர் மரியாதைக்குச் சேர்க்கிற கோவையும் சேர்த்து, கோ காத்தமுத்து, கோ காத்தமுத்து என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ரைட்டர் ரிஜிஸ்தரையும் பார்த்து, உன் அம்மாவின் நெற்றியையும் பார்த்து, "அவரு செத்துட்டதா எழுதியிருக்கேம்மா" என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா தாலியைக் கையால் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள்தான் ஒருவர் வந்து இந்தப் பையன் என் மகன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார், இப்போதுதான் எல்லோரையும் மாஜிஸ்திரேட் கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்றும் அவர் சொன்னார். இரண்டு பேரும் கச்சேரி இருக்கிற கியாக்டடா வரைக்கும் ஓடியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்பார் இல்லாதவர்களுக்கெல்லாம் ஆறு ஆறு மாதம் ஜெயில்.

மத்தியானம் நான் வந்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மா டின் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் அம்மா அழுது நான் பார்த்திருக்கிறேன், கத்தியும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன், அது நம்ம வழக்கம். நீங்க ஏங்க சொல்லலை?"

வாசற்படி ஏறாமல் அப்படியே திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அலைந்தேன். இனிமேல் என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் போனேன். ஆனால் தைரியம் பிந்தி வந்தால் எதற்கு ஆகும்? பெரிய ஜெயில் வாசலில் ஒரு ஏடு வைத்திருக்கிறார்கள், உள்ளே வருகிறவனையெல்லாம் அதில் நம்பர் போட்டு எழுதுவார்கள். மாணிக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன உறவு என்று கேட்டான் வார்டர். தகப்பன் என்று, இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். அவன் ஏட்டைப் பார்த்துவிட்டு, இந்தக் கைதிக்குத் தகப்பன் இல்லை என்றான். நான்தான் அந்தக் காத்தமுத்து என்று பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினேன். செத்தவன் வந்து நிற்கிறான் பாரு என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். டாணாவிலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வா என்று துரத்தினான். டாணாவுக்கு ஓடினேன். ரைட்டருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் சொன்ன பெயரும், என் பையன் இல்லை என்று நான் சொன்னதும், தேதியோடு அந்த ரிஜிஸ்தரில் உன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. "நீங்க சொன்னதைத்தானே எழுதினேன். எழுதினதை நானே எப்படி அடிக்கிறது, சொல்லுங்க" என்றார். என் வாயால் சொன்னதை வைத்து என்னையே கட்டிப்போட்டாயிற்று. யாரைக் குறை சொல்வது?

நாலாம் நாள் போனபோது நீ அந்த ஜெயிலில் இல்லை. இடம் போதாமல் கொஞ்சம் பேரை ஐராவதி ஆற்று வழியாக மேலே கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. உன் அம்மா தினமும் சோற்றுத் தூக்கோடு என்னோடு வந்து வாசலில் நிற்பாள், திருப்பி எடுத்துக்கொண்டு வருவாள். கடைசியில் வாசலில் தண்ணீர் தெளிக்கிற கிழவர் ஒருவர்தான், பெயரைக் கேட்காதீர்கள், நம்பரைக் கேளுங்கள் என்று சொன்னார். நம்பரை வாங்கவே ஐந்து நாள் ஆயிற்று. நீ படித்தவன், மோல்மேனிலும் கூலி ஜனங்கள் பிள்ளையைக் காணோம், தம்பியைக் காணோம் என்று உன்னிடம்தான் வந்து நிற்பார்கள். அதனால் நான் கற்றதைச் சொல்லிவைக்கிறேன். ஆள் குடியிருக்கிற தெருவின் டாணாவுக்குப் போகக் கூடாது, பிடித்த தெருவின் டாணாவுக்குப் போக வேண்டும். கச்சேரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், விடிந்தவுடனே போக வேண்டும். ஒரு பெயரை மட்டும் தேடச் சொல்லாமல் முதலிலிருந்து எல்லாப் பெயரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், ஏனென்றால் மாணிக்கம் என்ற ஒரே பெயரை இங்கிலீஷில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறார்கள். ஜெயிலுக்குப் போய்விட்டால் பெயர் செல்லாது, நம்பர்தான். வேறு ஊருக்கு மாற்றினவர்களுக்குத் தனி ஏடு இருக்கிறது, கேட்டால்தான் அதை எடுப்பார்கள். இதெல்லாம் கால் தேய்ந்து கற்றது. தேடிப் போகிறவன் ஆமாம் என்று சொல்லத் தயாராகப் போக வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதே இல்லை. ஆனால் அதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நம்பர் தெரிந்த பிறகு மேலே உள்ள அந்த ஜெயிலுக்கு மூன்று கடிதம் போட்டோம். ஒன்றுகூட உனக்கு வந்து சேரவில்லை என்று நீ வந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நீ வந்து வாசலில் நின்றாய். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காலில் செருப்பு இல்லை. உன் அம்மா உன் முகத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். நீ என் பக்கம் திரும்பி, குனிந்து என் காலைத் தொட்டாய்.

"அப்பா, மன்னிச்சிருங்க. உங்களைச் செத்துட்டதாச் சொல்லிட்டேன். அதனால எங்கெங்க தேடி அலைஞ்சீங்களோ."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்று அவள் கண் சொன்னது. நான் உன் தோளைத் தொட்டு, பரவாயில்லை, போய்க் கை கழுவு, சாப்பிடலாம் என்றேன். உன்னை மன்னித்துவிட்டேன், மாணிக்கம். டாணாவில் நான் செய்தது பயந்தாங்கொள்ளித்தனம். இதை என்னவென்று சொல்வது? செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்துவிட்டு வந்த பிள்ளை, எனக்குச் செய்த நல்லதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான், நான் பெரிய மனுஷன் மாதிரி அதைக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவனிடம் சொல்லமாட்டேன், அது என் வேலை இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்று. நீ மோல்மேனுக்குப் புறப்பட்ட அன்று கப்பல் துறையில் சொல்ல நினைத்தேன். கப்பல் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதாமல் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். காலஞ்சென்ற காத்தமுத்து குமாரன் என்று போடலாமா என்று யோசித்தேன். ஏட்டில் இருப்பது அதுதான், எனக்கு அதுதான் தகும். ஆனால் உன் அம்மா பூவும் பொட்டுமாகப் பந்தலில் நிற்க வேண்டியவள், அவளை வைத்துக்கொண்டு அப்படி அச்சடிக்க முடியாது. வெறும் காத்தமுத்து என்று போட்டால், யாரோ ஒருத்தியின் புருஷனை இன்னொரு தடவை உயிரோடு இருப்பதாக நாமே சொன்னதாகும். அதனால் போன திங்கட்கிழமை வில்லையை மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டு வந்தேன், முழங்காலைக் காரணம் சொல்லி. அதிலும் உண்மையைச் சொல்லவில்லை பார். கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய ஆள் ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். என் கண் முன்னாலேயே மேஸ்திரி அந்த வில்லையை அவன் கையில் வைத்து, நாளையிலேருந்து காத்தமுத்துன்னு கூப்பிட்டா ஏன்னு கேளு என்றார். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெயரை வாங்காதே அப்பா என்றேன். பேரு கிடக்குதுங்க, வேலைதானே முக்கியம் என்று சிரித்தான்.

ஆக, மிஞ்சுவது என் சொந்தப் பெயர். அது உனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. இதையெல்லாம் படித்த பிறகும் அதைப் போட உனக்கு மனம் இருந்தால் போடு. மனம் இல்லையென்றால் உன் அம்மா பெயரை மட்டும் போடு, வழக்கம் இல்லைதான், பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். அவளை நான் பத்திரமாக அழைத்துக்கொண்டு வந்து விடுகிறேன். என்னை வர வேண்டாம் என்று நீ எழுதினால் கப்பல் துறையிலிருந்தே திரும்பிவிடுகிறேன். வரச்சொன்னாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. என் பெயரைச் சொன்னால் இந்தத் தேசத்தில் யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் படிக்கிறவர்கள் இது யாரப்பா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள், பந்தலில் என்னைக் கண்டால் காத்தமுத்து என்பார்கள். நான் ஓரமாக ஒரு பாயில் உட்கார்ந்திருப்பேன். நானாகப் போய், மாப்பிள்ளையின் தகப்பன் நான்தான் என்று யாரிடமும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உன் மாமனார் வீட்டில் யாராவது ஒருவரிடம், பேச்சோடு பேச்சாக, நீ சொல்லிவைக்க வேண்டும். அவர் என்னிடம் வந்து, மாப்பிள்ளை உங்க பையனா என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

அப்பா